தவளை மருந்து வழங்கக் கோருதல்

மேலே போன பிறகும் கனவில் வந்து என்னை மிரட்டுவதை நிறுத்தாத அருமை மச்சான் ஏழுமலைக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நினைவு நாளுக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றாள் உன் தங்கச்சி கஸ்தூரி. உன் போட்டோ, தோற்றம், மறைவு, கீழே குடும்பத்தார் பெயர் என்று வழக்கமான சமாச்சாரம்தான். ஆனால் எனக்குச் சொந்தமாக ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பேப்பரின் பின்பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. வெள்ளைப் பேப்பரைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? எழுத ஆரம்பித்தேன். இப்போது அது ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகமாகிவிட்டது.

உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனாலும் நம் ஊர் வேங்கிக்கால் முழுக்கப் படிக்கும் என்று தெரியும். படிக்கட்டும். முக்கியமாக ஒரு பதினோரு பேர் கட்டாயம் படிக்க வேண்டும். நான் செய்த காரியம் அப்படி.

முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்து ஊரார் புண்ணுக்கெல்லாம் கட்டுப் போட்ட கை உன்னுடையது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று சொல்வாய். "மாப்ள, ஒடம்புல எந்த எடத்துல கேட்டாலும் கட்டு கட்டுவேன். உன் வாய்க்கு மட்டும் கட்டு கட்ட எனக்கு ட்ரெய்னிங் குடுக்கலடா." நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அப்போதே ஒரு கட்டு கட்டியிருக்கலாம் நீ.

கஸ்தூரியின் இடது காலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யானைக்கால். எங்கள் மகள் சுகன்யா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது வீங்க ஆரம்பித்தது. கொசு கடித்து உள்ளே போன புழுவின் வேலை என்று நீதான் கண்டுபிடித்தாய். மாத்திரை வாங்கிக் கொடுத்தாய். பிறகு ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் சோப்பும் வாங்கி வந்து, காலையும் மாலையும் எப்படிக் கழுவ வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாய். விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. வெடிப்பு வந்தால் களிம்பு. உட்கார்ந்தால் காலைத் தூக்கி வைக்க வேண்டும். பதினாலு வருஷம், ஒரு வேளை தவறாமல் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமையானால் நீ டார்ச் லைட்டோடு வந்துவிடுவாய். அவள் காலை ஸ்டூல் மேல் வைக்கச் சொல்லி விரல் விரலாகப் பார்ப்பாய். அந்த நேரத்துக்கு எனக்குக் கடையில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். என் கடைக்குப் பிழைப்புக் கொடுக்கிற கலெக்டர் ஆபீஸே ஞாயிற்றுக்கிழமை லீவு. எனக்கு என்ன அவசரம் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. ஏன் மச்சான் கேட்கவில்லை?

இனி, நீ போன பிறகு நடந்தது.

உன் மருமகள் சுகன்யா ஆராய்ச்சியில் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனாய். இப்போது மூன்றாவது வருஷம். பொங்கலுக்கு வந்திருந்தாள். வெளியூரில் படிக்கிற பெண்களெல்லாம் லீவுக்கு வந்தால் தூங்குவார்களாம். இவள் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு புழு நெளிகிற வீடியோவைப் பார்த்தபடி வடை தின்றாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னாமா படிக்கற நீ? யாராவது கேட்டா நான் சொல்லத் தெரியணும் இல்ல?"

"பெப்டைடுப்பா."

"அது இன்னா?"

"புரதம்னு கேள்விப்பட்டிருக்க இல்ல? நீளமான மணிமாலை மாதிரி. அதுல சின்னதா ஒரு துண்டுதான் பெப்டைடு. தவளை எந்நேரமும் ஈரத்துல கெடக்குது, சேத்துல கெடக்குது. அதுக்குச் சொறி சிரங்கு வந்து செத்துப் போவணும் இல்ல? ஏன் போவல? அது தோல்ல இந்த மாதிரி துண்டு சொரக்குது. கிருமி வந்தா கொன்னுடும். நமக்கும் உண்டு, கொசுவுக்கும் கூட உண்டு. ஆனா தவளைகிட்ட ஜாஸ்தி வகை."

"எப்டி கொல்லுது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பத்தாம் வகுப்பு அறிவியலில் இரண்டு தடவை கோட்டை விட்டவனுக்கு இதை எப்படிச் சொல்வது என்கிற யோசனை. "கிருமியோட தோல் மேல மைனஸ் கரண்ட் மாதிரி ஒண்ணு இருக்கும். இந்தத் துண்டுல ப்ளஸ். போய் ஒட்டிக்கும்" என்றாள்.

மச்சான், அந்த நிமிஷம் என் வாழ்க்கையில் முதல் முறையாக அறிவியல் எனக்குப் புரிந்தது. "அட, ஜெராக்ஸ் மிஷினு!" என்று கத்தினேன். "உள்ள டிரம்முனு ஒண்ணு இருக்குது. அதுல கரண்ட் நிக்கற எடத்துல மட்டும்தான் மைத்தூள் போய் ஒட்டும். மத்த எடம் வெள்ளையா இருக்கும். அதே கதைதானே?"

சுகன்யா வடையைக் கீழே வைத்துவிட்டாள். "அப்பா! அதேதான்பா! எங்க கிளாஸ்ல யாரும் இவ்ளோ சுளுவா சொன்னதில்ல."

அவ்வளவுதான். எனக்குத் தலை கால் புரியவில்லை. அவள் மேற்கொண்டு சொல்லிக்கொண்டே போனாள். ஒட்டிக்கொண்ட துண்டு கிருமியின் தோலில் ஓட்டை போடும், உள்ளே இருப்பது ஒழுகிப்போகும், கிருமி காலி. மலேரியாவுக்கும், வடக்கே காலா அசார் என்று ஒரு காய்ச்சலாமே, அதற்கும் பல ஊர்களில் இப்படிப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்கள். இவள் அம்மாவை நினைத்து யானைக்கால் புழுவை எடுத்துக்கொண்டாள். தட்டில் விட்ட புழுக்குஞ்சுகள் அசையாமல் போயின. "ஆனா" என்று ஆரம்பித்து அதற்கப்புறமும் ரொம்ப நேரம் பேசினாள். அந்த "ஆனா"வுக்குப் பின்னால் வந்ததில் ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை. நான் மனதுக்குள் கடைக்குப் போய்விட்டிருந்தேன்.

மறுநாள் கடை திறந்ததும் முதல் போணி கரீம் பாய். உனக்கு நன்றாகத் தெரிந்த ஆள். என் கடைக்குப் பக்கத்தில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். அவருக்கும் யானைக்கால். அந்த வலது காலுக்கு நீ எத்தனை தடவை மருந்து வைத்திருப்பாய்! ஆதார் கார்டு நகல் எடுக்க வந்தவரிடம் நகல் கொடுக்காமல் விஷயத்தைக் கொடுத்தேன்.

"பாய், என் பொண்ணு யானைக்காலுக்கு மருந்து கண்டுபுடிச்சுட்டா. தவளையிலேர்ந்து."

கரீம் பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அரே பலராமா, தவளைய கொல்லக் கூடாதுன்னு எங்கள்ல சொல்வாங்க. கொன்னு எடுக்கறாங்களா, கொல்லாம எடுக்கறாங்களா?"

இதை நான் சுகன்யாவிடம் கேட்டிருக்கவில்லை. உடனே போன் போட்டேன். "தவளையே இல்லப்பா. அந்த மணி எந்த வரிசைல கோத்திருக்குதுன்னு தெரிஞ்சா போதும், மிஷின்லயே செஞ்சுக்கலாம். எங்க லேப்ல ஒரு தவளை கூட கெடையாது" என்றாள். எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். வரிசை வரிசையாகத் தொட்டியில் தவளைகள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தவளையே இல்லியாம் பாய். மிஷின்ல எடுக்கறாங்க, ஜெராக்ஸ் மாதிரி."

"அப்ப சரி. எப்ப கெடைக்கும்?"

இங்கேதான் மச்சான் நீ என் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். "தெரியாது" என்று ஒரு வார்த்தை. பத்தாவது படித்தவனும் சொல்லக் கூடிய வார்த்தை. நான் சொன்னது வேறு: "நாமதான் கேக்கணும் பாய். கேக்காம இந்த ஊருல எது வந்துச்சு? ரோடு வந்துச்சா, தண்ணி வந்துச்சா? திங்கக்கெழம மனு குடுத்துடலாம்."

என் தொழில் உனக்குத் தெரியும். திங்கட்கிழமையானால் மாவட்டமே மனுவைத் தூக்கிக்கொண்டு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்கு வந்து இறங்கும். பட்டா, பென்ஷன், ஏரிக்கரை ஆக்கிரமிப்பு எல்லாவற்றுக்கும் மனு எழுதி எழுதி, உலகத்தில் எந்தக் குறை இருந்தாலும் ஒரு பக்கத்துக்குள் எழுதி சீல் வாங்கிவிட்டால் பாதி தீர்ந்த மாதிரி என்று எனக்கு ஒரு பழக்கம் ஏறிவிட்டது. உட்கார்ந்து எழுதினேன். அதை இங்கே அப்படியே தருகிறேன், அசிங்கப்பட்டாலும் பரவாயில்லை.

"பொருள்: யானைக்கால் நோய்க்குத் தவளை மருந்து வழங்கக் கோருதல் தொடர்பாக. ஐயா, மேற்படி மருந்தை வேங்கிக்காலைச் சேர்ந்த செல்வி சுகன்யா என்பவர் கண்டுபிடித்துவிட்ட நிலையில், அம்மருந்து இதுநாள் வரை எங்கள் பகுதிக்கு வந்து சேரவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

கீழே சுகன்யாவின் போன் நம்பரையும் எழுதினேன். சந்தேகம் இருந்தால் கேட்டுக்கொள்ளட்டும் என்று. முதல் மனுவில் மனுதாரர் பெயர் கஸ்தூரி. இரண்டாவது கரீம் பாய். அவர் அவருக்குத் தெரிந்தவர்களிடம் சொல்ல, அவர்கள் அவர்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொல்ல, திங்கட்கிழமை காலையில் கடை வாசலில் கஸ்தூரியையும் சேர்த்துப் பதினோரு பேர். பெயருக்கும் விலாசத்துக்கும் மட்டும் இடம் விட்டு மனுவை நகல் எடுத்தேன். ஒவ்வொருவரும் காலை மெதுவாக இழுத்து வைத்து நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மனு வாங்குகிற மேஜையில் இருந்த பெண் படித்துப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, தவளையா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாம்மா, கொல்லாத தவளை" என்று கரீம் பாய் விளக்கம் கொடுத்தாராம்.

நான் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை.

ஒரு நாள் கொல்லைப்புறம் போனால் கஸ்தூரியின் கால் கழுவும் தொட்டியில் மண் நிரம்பியிருந்தது. கொத்தமல்லி முளை விட்டிருந்தது. குளியலறை மூலையில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. நான் துடைப்பத்தை எடுத்தேன்.

"அத வெரட்டாதீங்க. நம்ம பொண்ணு தொழிலு" என்றாள்.

நான் சிரித்தேன். தவளையைப் பார்த்துச் சிரித்தேன், கொத்தமல்லியையும் பார்த்துச் சிரித்தேன். இந்தத் தொட்டியில் கொத்தமல்லி இருந்தால் இவள் எதில் கால் கழுவுகிறாள் என்று என் மரமண்டைக்கு ஏறவில்லை. நீயாக இருந்தால் அந்த இடத்திலேயே கேட்டிருப்பாய் அல்லவா?

மூன்று வாரம் மச்சான். பதினாலு வருஷம் லீவு போடாத வேலையை மூன்று வாரம் விட்டுவிட்டாள். மருந்துதான் வரப்போகிறதே!

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. பேசியது பக்கத்து வீட்டம்மா. "அண்ணே, அக்காவுக்கு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. ஜுரம் கொதிக்குது. சீக்கிரம் வாங்க." போய்ப் பார்த்தால் கால் செக்கச் செவேல் என்று இருந்தது. தொட்டால் தோசைக்கல். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் ஏற்றும்போது, "வெளக்கு ஏத்தி வச்சேன், அணைச்சீங்களா?" என்று கேட்டாள். ஆட்டோ கலெக்டர் ஆபீஸைத் தாண்டியபோது நான் எழுதிய அத்தனை மனுவும் என் நெஞ்சு மேல் அடுக்கி வைத்த மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விரலிடுக்கைப் பார்த்தார். நீ டார்ச் அடித்துப் பார்ப்பாயே, அதே இடம். சின்ன வெடிப்பு. அதன் வழியாகக் கிருமி உள்ளே போயிருக்கிறது. ஊசி போட்டு மருந்து ஏற்றினார்கள். "கழுவறத நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன். "இப்படி ஒவ்வொரு தடவையும் ஜுரம் வந்தா கால் இன்னும் வீங்கும் சார். சமயத்துல உயிருக்கே கூட ஆபத்தாயிடும்" என்றார்.

சுகன்யாவுக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்தாள்.

"அப்பா, காலைல சுகாதாரத் துறையிலேர்ந்து ஒருத்தர் பேசினாரு. திட்டியிருந்தா கூட பரவால்ல. ரொம்ப மரியாதையா, 'மேடம், பதினோரு பேரு மனு குடுத்திருக்காங்க, ஸ்டாக் எப்ப வரும்'னு கேட்டாரு. எங்க கைடு சார் பக்கத்துலயே நிக்கறாரு. இன்னாப்பா பண்ணி வச்சிருக்க நீ?"

"அம்மா ஆஸ்பத்திரில இருக்கா கண்ணு" என்றேன். அதற்கு மேல் என் வாய், உலகத்தில் எந்த டிரஸ்ஸராலும் கட்ட முடியாத அந்த வாய், தானாக மூடிக்கொண்டது.

மறுநாள் காலையில் வந்துவிட்டாள். ஜுரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. கஸ்தூரி கண்ணைத் திறந்து பார்த்தாள். பெண்ணுடைய முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த பையைப் பார்த்தாள்.

"மருந்து எடுத்துகினு வந்தியா?"

சுகன்யா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது. பொங்கலன்று "அப்பா, அதேதான்பா" என்று பூரித்துப்போன அதே கண்கள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பொங்கலன்று "ஆனா"வுக்குப் பிறகு சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை நானும் கேட்டேன். தட்டில் புழு சாவது வேறு, மனுஷ உடம்புக்குள் சாவது வேறு. இந்தத் துண்டை அப்படியே முழுங்கினால் வயிறு முட்டையைச் செரிக்கிற மாதிரி செரித்துவிடும். ஊசியில் ஏற்றினாலும் ரத்தத்தில் கொஞ்ச நேரத்தில் வெட்டுப்பட்டுப் போய்விடும். வீரியம் ஜாஸ்தியான துண்டாக இருந்தால் புழுவோடு சேர்த்து நம்முடைய சிவப்பணுவையும் உடைத்துவிடும். எனக்காக ஒரு தடவை திரும்பி, "மிஷின் கெட்டுப் போச்சுன்னா பேப்பர் பூரா கருப்பா வருமே, அந்த மாதிரி" என்றாள். கோபத்திலும் எனக்குப் புரிய வேண்டும் என்று நினைத்தாள் பார்.

"எலிக்குக் குடுத்துப் பாக்கணும், அப்பறம் கொஞ்சம் பேருக்கு, அப்பறம் நெறைய பேருக்கு. வருஷக்கணக்கா ஆவும்மா. கடைசில சரிப்படாமலே கூட போவலாம்."

"ஆவட்டும். நான் எங்க போவப் போறேன்?" என்றாள் கஸ்தூரி.

சுகன்யா போர்வையை விலக்கி அந்தக் காலைத் தொட்டாள். "அம்மா, மருந்து வந்தா கூட அது உனக்கு இல்லம்மா. உன் கால்ல இப்ப புழு இருக்காது. அது எப்பவோ செத்திருக்கும். போறப்ப உள்ள தண்ணி வடியற கொழாயெல்லாம் கெடுத்துட்டுப் போயிடுச்சு. புழுவக் கொல்ற மருந்து கொழாய சரி பண்ணாது. உனக்கு மாமா சொன்னதுதான் மருந்து. சோப்பும் தண்ணியும்."

கஸ்தூரி தன் காலைப் பார்த்தாள். நான் அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப அது யாருக்கு?"

"இனிமே எவ்ளோ பேர கொசு கடிக்கப் போவுது. அவங்க காலு உன் காலு மாதிரி ஆவாம இருக்க."

"அப்ப அத சீக்கிரம் செய்யி. இங்க ஒக்காந்துகினு என் கால பாத்துகினு இருந்தா யாரு செய்வாங்க?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் தயாராக இருந்தேன். திட்டவில்லை மச்சான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் உங்க பேச்ச நம்பி விடல" என்றாள். "நீங்க சொல்றதுல பாதி புளுகுன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு அலுத்துப் போச்சுங்க. தெனம் ரெண்டு வேளை, பதினாலு வருஷம், தனியா. மருந்து வரும்னு நீங்க சொன்னதும், சரி, இதான் சாக்குன்னு விட்டுட்டேன்."

தனியா. வீட்டில் ஒரு ஆம்பிளை இருந்தானே, அவன் என்ன செய்தான்? உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு அந்தக் காலைப் பார்க்கவே பயமாக இருந்தது. பெண்டாட்டி காலைத் தொட்டுக் கழுவுவதற்கு வெட்கமாக இருந்தது. இரண்டையும் சேர்த்து "எனக்கு அந்த வேலை தெரியாது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டேன். மனு எழுதுகிறவனுக்குச் சுருக்கி எழுதத் தெரியாதா?

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் சுகன்யாவைத் துணைக்கு வைத்துவிட்டுக் கடைக்கு வந்தேன். நேராகக் கரீம் பாயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு பூட்டைப் பிரித்து வைத்திருந்தார். நிமிராமல் கேட்டுக்கொண்டார்.

"நீங்க கால் கழுவறத விடலியே பாய்?"

"விட்டுட்டேனே. உன் மனு குடுத்த அன்னிலேர்ந்து" என்றார். லுங்கியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். விரலிடுக்கில் வெள்ளையாகத் தோல் ஊறிப்போயிருந்தது.

"ராமா, நான் நாப்பது வருஷமா பூட்டு பாக்கறேன். சாவி அடிக்கறதுக்கு முன்னாடியே கதவு தொறந்துடுச்சுன்னு சொன்னவன் நீ ஒருத்தன்தான்டா."

"செருப்பால அடிங்க பாய்."

"அடிக்கலாம். உன் பொண்ணு மூஞ்சிக்குப் பாக்கறேன்."

மீதி ஒன்பது பேர் என்ன ஆனார்கள் என்று நினைத்ததும் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சுகன்யாவிடம் சொன்னேன். காலை எப்படிக் கழுவ வேண்டும், எப்படித் துடைக்க வேண்டும், எந்த அறிகுறி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று பெரிய எழுத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். கடைசி வரியை அவளே அடிக்கோடிட்டாள்: "தவளை மருந்து இன்னும் வரவில்லை. எப்போது வரும் என்று என் அப்பாவுக்குத் தெரியாது."

அதை நகல் எடுத்துக்கொண்டு மொபெட்டில் வீடு வீடாகப் போனேன். மனுவில் எல்லார் விலாசமும் நானே எழுதியதுதானே! நாலு பேர் என்னை நம்பவே இல்லையாம், வழக்கம்போல் கழுவிக்கொண்டிருந்தார்கள். என்னை நம்பாதவர்கள் நன்றாக இருந்தார்கள் என்பதைக் கவனி. ஒரு பாட்டி மட்டும், "மருந்த மறைச்சு வச்சுகினு கத சொல்ற நீ" என்று சண்டைக்கு வந்தாள். அவளுக்கு ஜெராக்ஸ், கரண்ட், மைத்தூள், கருப்புப் பேப்பர் எல்லாம் சொல்லிப் புரிய வைத்துவிட்டு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இன்னும் ரெண்டு பேருக்கு வெடிப்பு இருந்தது. கரீம் பாயோடு சேர்த்து மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஜுரம் வருவதற்கு முன் போய்விட்டார்கள். அந்த மட்டும் தப்பித்தேன்.

திங்கட்கிழமை இன்னொரு மனு கொடுத்தேன். "முன்னர் அளித்த தவளை மருந்து மனுவைத் திரும்பப் பெறக் கோருதல்." மேஜையில் இருந்த அதே பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "தவளை சார் வந்துட்டாரு" என்றார். இப்போது பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் வரைக்கும் என் கடைக்கு அதுதான் பெயர். தவளை ஜெராக்ஸ். போர்டு மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

சுகன்யாவின் சார் அவளை ஒன்றும் சொல்லவில்லையாம். "எங்க அப்பாவும் இப்படித்தான்" என்று மட்டும் சொன்னாராம். ஆனால் அவள் என்னிடம் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. நான் கேட்டால் ஆம், இல்லை. அவ்வளவுதான்.

கஸ்தூரி வீட்டுக்கு வந்தாள். குனிந்தால் கால் வலிக்கிறது, இப்போதைக்கு அவளால் கழுவ முடியாது என்றார் டாக்டரம்மா. சுகன்யா அன்று சாயங்காலமே பஸ் ஏற வேண்டும். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நானே போய்ப் புதுத் தொட்டி ஒன்று வாங்கி வந்தேன். கொத்தமல்லியைக் கலைக்க மனம் வரவில்லை.

சுகன்யா ஒரு தடவை செய்து காட்டினாள். அப்புறம் நான். முதலில் தண்ணீர் சூடு ஜாஸ்தி. பிறகு சோப்பு ஜாஸ்தி. நுரை வாசல் வரைக்கும் போனது.

"பாத்திரம் வெளக்கற மாதிரி தேய்க்காதீங்க. அது என் காலு" என்றாள் கஸ்தூரி.

"மெதுவாதான் தேய்க்கறேன்."

"மெதுவா தேய்ச்சா கூசுது."

அந்தக் கால் கனமாக இருந்தது மச்சான். இரண்டு கையாலும் ஏந்த வேண்டியிருந்தது. இதைத் தூக்கிக்கொண்டா இவள் பதினாலு வருஷமாக எனக்குச் சோறு போட்டாள்? தெருவில் யாரோ பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. எனக்குப் பழைய வெட்கம் எட்டிப் பார்த்தது.

"கதவ சாத்திடவா?"

"தொறந்தே இருக்கட்டும்" என்றாள்.

திறந்தே இருந்தது. துண்டை மடித்து விரலிடுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஐந்து விரலுக்கு நாலு இடுக்கு. நாலாவதை முடித்து நிமிர்ந்தால், பஸ்ஸுக்குக் கிளம்பிய சுகன்யா பையை மாட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சுண்டு விரல்கிட்ட இன்னும் ஈரம் இருக்குதுப்பா" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவளாகப் பேசிய முதல் வார்த்தை.

இது நடந்து ரெண்டு மாசமாகிறது. ஜுரம் திரும்பவில்லை. கஸ்தூரியால் இப்போது குனிய முடியும். ஆனாலும் காலையில் தொட்டியை என் பக்கம்தான் தள்ளுகிறாள். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு இடத்தில் பேனாவால் அடித்தாள், ஒரு இடத்தில் சிரித்தாள். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். அங்கே சுகன்யாவின் துண்டு எலியிடம் போயிருக்கிறது. என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியாதாம். தெரியாது என்று அவள் எவ்வளவு தைரியமாகச் சொல்கிறாள் தெரியுமா மச்சான்? இந்தப் படிப்பை எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுக்கிறார்கள்?

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். உன் தங்கச்சி காலைக் காலையும் மாலையும் நான் கழுவுகிறேன். மருந்து வராவிட்டாலும் கழுவுகிறேன். என்றைக்காவது ஒரு நாள் உன் மருமகள் போன் செய்து, "அப்பா, மருந்து வந்துடுச்சு, இப்ப ஊருக்கெல்லாம் சொல்லு" என்றால், அன்றைக்கும் முதலில் கால் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

இப்படிக்கு,
கஸ்தூரியின் புருஷன், சுகன்யாவின் அப்பன்,
உனக்கு என்றைக்கும் மாப்ள,
பலராமன்